நாம ஊத்துன பால்

தங்கச்சி,

காலையில் அலுமாரியைத் திறந்தேன். உன் கெமரா பையின் வாரில் றப்பர் பால் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புளித்த வாடை வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்தேன்.

உன் படம் எல்லாம் வேண்டுமாம். சஞ்சிகை மிஸ் போனில் கேட்டாங்க, உன் நினைவாகப் போடுவாங்களாம். பார்த்துச் சொல்றேன் மிஸ் என்றேன். நீ இருந்தபோது எத்தனை மாதம் காக்க வைத்தவங்க? இப்ப என்ன அவசரம்?

அன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். நீ எழுதி அனுப்பியது எதுவும் சஞ்சிகையில் வரவில்லை. பிறகு அந்த மிஸ்தான், எழுத்தோடு படமும் இருந்தால் பார்க்கலாம் என்றாங்க. புளத்கொகுபிட்டிய டவுன் ஸ்டூடியோக்காரர் பாவித்த பழைய கெமராவோடு வந்து நின்றாய். எழுத்து பத்தாதுன்னு எங்க மூஞ்சியும் வேணுமாமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "மூஞ்சி வேணாங்க்கா, ஒன் கை போதும்."

வெயில் வேண்டும் என்று பத்து மணிக்கு மலைக்கு வந்தாய். நாங்கள் விடியும்போதே மரத்துப் பட்டையில் வெட்டுப் போட்டுவிடுவோம், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். உனக்கு வெளிச்சம் பிடித்த மரமோ நான் அன்றைக்கு வெட்டாத மரம். வாளியில் இருந்து கொஞ்சம் பாலை அந்த மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் ஊத்தச் சொன்னாய்.

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

ஊத்தினேன்.

உன் பேர் போட்டுப் புத்தகம் வந்தது. லயத்து வீடுகள் எல்லாம் கூடிப் பார்த்தது. பக்கத்துக் காம்பரா மாரியக்கா மட்டும் படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, துரைசாணியைக் கூப்பிடுகிற மாதிரி உன்னைக் கூப்பிட்டது.

"கெமரா நோனா, வெட்டுல பழைய ஒட்டுப்பால் உரிக்காம காஞ்சு கெடக்கு, அன்னைக்கு வெட்டவே இல்ல, ஆனா சிரட்டை நெறையப் பால். இது எந்தத் தோட்டத்து மரம்?"

எல்லாரும் சிரித்தாங்க, நீயும் சிரித்தாய். மாரியக்கா அடுத்ததாகக் கேட்டதற்குத்தான் உன் முகம் செத்துப்போச்சு. "அப்ப எழுதுனதுல எவ்வளவு ஊத்துனது?"

மலையில் பொம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். அது சத்தியம். கங்காணி அந்தப் படத்தைக் காட்டியே அதையும் பொய் என்று சொல்லிவிட்டார். மறைவிடம் இன்னும் வரவில்லை.

அதுக்கப்புறம் என்னோடயே கருக்கலில் வந்தாய். படம் பாதி கறுப்பாக விழுந்தது. நெற்றி லைட்டில் பட்டையும் என் விரலும் மட்டும் தெரிந்தது. "தெரியாததை எழுதிடுறேன்க்கா" என்றாய். அதைத்தான் மிஸ் கேட்டுக் கேட்டுப் போட்டாங்க. எனக்குச் சந்தேகம் போகவில்லை. அனுப்ப முன்னே எனக்கு வாசித்துக் காட்டு என்றேன். அடுப்புக்கிட்ட உட்கார்ந்து வாசிப்பாய். அன்னைக்கு மழை இல்லையே என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த வரியை வெட்டிவிடுவாய்.

நாலு நாள் காய்ச்சலில் நீ போனாய். அதையும் நான் நம்பாமல்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.

இப்ப படங்களைப் பாயில் பரப்பி வைத்திருக்கிறேன். அழகாக இருப்பது அந்த ஊத்துன பால்தான், அதில் வெயில் அப்படி விழுந்திருக்கிறது. மிஸ் அட்டைக்குக் கேட்டதும் அதைத்தான்.

கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கை வரவில்லை. உன் பேனாவை எடுத்தேன். நாலாம் வகுப்பு எழுத்து, வெயில் ஏறும் வரைக்கும் ஆச்சு. படத்துக்குப் பின்னால் எழுதினேன்: இந்தப் பால் நாங்க ஊத்துனது. ஒதுங்க எடம் இல்லாதது நெசம்.

முன்பக்கத்தைப் போட்டால் பின்பக்கத்தையும் போடணும் என்று மிஸ்ஸிடம் போனில் சொன்னேன். எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. பிறகு, போடுறோம் என்றாங்க.

புத்தகம் வரட்டும், பார்க்கிறேன். இப்பெல்லாம் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் என் கண் முதலில் வெட்டுக்குத்தான் போகிறது. அப்புறம்தான் பால்.

அக்கா