மலரின் நலங்கில் அந்தாதி

என் பிரியமான அண்ணிக்கு,

மலருக்கு நலங்கு நல்லபடியாக நடந்தது. யார் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பீர்கள். நம் பக்கம் அண்ணன், நான், என் வீட்டுக்காரர், உங்கள் தோழி செல்வி. அவர்கள் பக்கம் மாப்பிள்ளை, அவருடைய அம்மா அப்பா, ஆரணியிலிருந்து வந்த அத்தை. மணையில் உங்கள் மகள். ஒரு போட்டோக்காரர். வேறு யாருமில்லை. உங்களையும் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்த்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசமாட்டார், கேட்டால் சிரிப்பார். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

நிச்சயம் முடிந்த அன்றே மலர் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: "அம்மா இருந்திருந்தா மாப்ள ஊட்டுக்காரங்கள பாட்டுலயே ஒரு வழி பண்ணிருக்கும். பாட்டு இல்லாம சும்மா மஞ்சள பூசிக்கினு உக்கார என்னால முடியாது அத்தை. நலங்கே வாணாம்." நான் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நீங்கள் பாடும்போது கைதட்டியதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அவளுடைய பழைய தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் படித்தேன். முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசியில் ஒன்றினால் இயைபு. இட்லி மல்லிகைப்பூவைப் போல இருக்கிறது என்றால் உவமை. இட்லியையே மல்லிகைப்பூ ஆக்கிவிட்டால் உருவகம். இதையெல்லாம் பெயர் தெரியாமலே நீங்கள் செய்துகொண்டிருந்தீர்களா, தெரிந்துதான் செய்தீர்களா?

அந்தாதி என்றும் ஒரு பக்கம் இருந்தது. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவது. அது சாமி பாட்டுக்கு உரியது, கேலிக்கு அதைத் தொடுவது பாவம் என்று நானே முடிவுகட்டி அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து நாலு பாட்டு கட்டினேன். எதுகை, மோனை எல்லாம் சரிபார்த்து, பெருமாள் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரமும் காட்டினேன்.

நலங்கில் ஆரணி அத்தைதான் ஆரம்பித்தார். மலரின் கன்னத்தில் மஞ்சளைத் தடவிக்கொண்டே,

"குக்கர் விசிலடிச்சாக் கும்பகர்ணி கண்முழிப்பா
பக்கத்தூர்ப் பொண்ணுக்குப் பல்லுவெளக்காமக் காப்பி"

என்று இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுந்து, கட்டி வைத்திருந்த முதல் பாட்டை, மாப்பிள்ளையின் மீசையைப் பற்றியதை, கணீரென்று தொடங்கினேன். அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா இது? நா காப்பில உட்டா நீ மீசைல புடிக்கிற? உட்ட சொல்ல புடிச்சிக்கினு வாம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்ப்பக்கம் விட்ட சொல்லைப் பிடித்துத்தானே நீங்கள் எப்போதும் எழுவீர்கள்! நான் பாவம் என்று ஒதுக்கிய அந்தாதியை இத்தனை வருஷமாக நலங்கு மணைக்கு முன்னால் வைத்து விளையாடியிருக்கிறீர்கள். என் நாலு பாட்டில் ஒன்றுகூடக் காப்பியில் தொடங்கவில்லை. செல்வி என் இடுப்பில் இடித்தாள். மலர் தலையைக் குனிந்துகொண்டாள். உங்கள் பெண்ணைக் கைவிட்டுவிட்டேன் என்றே நினைத்தேன், அண்ணி.

குனிந்த தலை நிமிராமல் அவளே பாடினாள்.

"காப்பி கலந்துவெச்சாக் கண்ணாளர் ஓடிவருவார்
சாப்பிட்ட தட்டெடுக்கச் சாமிவந்து ஆடிடுவார்"

மணையில் உட்கார்ந்த பெண் தன் நலங்குக்குத் தானே பாடி எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, அப்டியே இவன்தான்" என்று தன் மகனையே காட்டிக் கொடுத்தார். அண்ணன் தொடையில் அடித்துச் சிரித்ததில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. நான் மட்டும் எதுகையைப் பார்த்தேன், சரி. மோனை, சரி. இயைபுகூட இருந்தது. குரல் உங்களுடையது. இதை அவளுக்கு எப்போது கொடுத்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஆரணி அத்தை சளைத்தவர் இல்லை. "ஆடுற மாப்ளைக்கு ஆறுமணிக்கே நாஷ்டா" என்று காலைப் பலகாரத்தில் கொண்டுபோய் முடித்தார். அதற்குள் சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "பதில மறுவீட்டு விருந்துல வாங்கிக்கிறேன். அப்ப பொண்ணோட அத்தைதான் பாடணும், பொண்ணு வாயத் தொறக்கக் கூடாது" என்று ஆரணி அத்தை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அதன் கதையைத் தனியாகச் சொல்கிறேன். இந்த நாஷ்டாதான் என்னைத் தூங்கவிடவில்லை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து 'ஷ்' வேண்டும். எனக்குக் 'கஷ்டம்' ஒன்றுதான் வருகிறது. அதுவும் முதல் எழுத்து குறில், நாஷ்டாவில் நெடில்; புத்தகம் ஒப்புக்கொள்ளாது.

இந்த முறை எதையும் முன்கூட்டிக் கட்டி எடுத்துப்போக மாட்டேன். அவர் விட்ட சொல்லிலிருந்தே எழுவேன், மலர் தலைகுனியும்படி நிற்கமாட்டேன். இது சத்தியம். ஆனால் முதல் அடி மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுவீடு. அதற்குள் பதில் சொல்லுங்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
ரேவதி