வாப்பா கைநாட்டு வைத்த கடதாசி

2024 பெப்ரவரி 3

கொழும்பில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது விடிந்துவிட்டது. லொறியைக் கழுவிவிட்டு வாப்பாவைப் பார்க்கப் போனேன். கற்பிட்டி வீடு தங்கச்சி ஷிம்லாவுக்குக் கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்தது, வாப்பாவும் அங்கேதான். பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே பழைய கதையை எடுத்தார். "மகன், போன வருசம் ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள போட்ட குழாய்... கையக் கட்டிப் போட்டுப் பதினொரு நாள். இன்னொருக்கா அது வேணாம். கேட்டியா?"

"மௌத்துக் கதைய விடுங்க வாப்பா!" கத்திவிட்டு எழும்பி வந்தேன். எனக்குச் சாவுக் கதை பிடிக்காது. அவ்வளவுதான்.

பெப்ரவரி 9

வாப்பா ஜும்ஆத் தொழுகைக்கு வரவில்லை. மூச்சிழுப்பு.

பெப்ரவரி 12

செய்ததை எழுதத்தான் வேண்டும்.

பகல் போனபோது வாப்பாவின் பெருவிரலில் ஊதா மை. மேசையில் ஒரு கடதாசி. கைநாட்டு, கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒன்று பள்ளிவாசல் நிர்வாகத்து அபூசாலி காக்காவுடையது. வாப்பா பேரில் மிச்சமிருப்பது மாம்புரித் தென்னந்தோட்டம் ஒன்றுதான். ஊரில் எத்தனை கிழவர்களின் விரலைப் பிடித்து இப்படி அமுக்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா?

"காணிய எழுதி வாங்கிட்டீங்க, என்ன?"

"அது காணி இல்ல நானா" என்றாள் ஷிம்லா. பொய் என்றேன்.

அவள் புருஷன் சரீப், "வாசிச்சிப் பாருங்க, பொறகு கதைங்க" என்றான். அந்த வாயில்தான் குத்தினேன். விழுந்தவனை மிதித்தேன். இரண்டு பல் தரையில் கிடந்தன. கடதாசியைச் சுக்குநூறாகக் கிழித்தேன். கதிரையால் அலுமாரிக் கண்ணாடியை அடித்து உடைத்தேன். ஷிம்லா குறுக்கே வந்தாள். அவளையும். கன்னத்தில், முழுக் கையால்.

வாப்பா என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நான் நிற்கவில்லை.

பெப்ரவரி 13

சரீப் பொலிசுக்குப் போகவில்லை. போகட்டுமே. எனக்கென்ன பயமா?

பெப்ரவரி 17

வாப்பா நீலம் பாய்ந்து விழுந்துவிட்டார். லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாலாவிச் சந்தி தாண்டும்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூச்சுக் குழாய் போட வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர், சின்ன வயசுக்காரர். ஷிம்லா அலறினாள்: "வேணாமெண்டு வாப்பா எழுதி வெச்சார்! அந்தக் கடதாசி அதுதான்!"

"எங்க கடதாசி? காட்டு!"

கேட்டவன் நான். கிழித்தவனும் நான். அவளைச் சுவரோடு தள்ளினேன். டொக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "போடு! வாப்பா மௌத்தானா ஒன்னையும் வெட்டுவன்!"

போட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாடையை நெம்பித் திறந்து, இரும்பை உள்ளே விட்டு... எச்சிலோடு இரத்தம் வழிந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 19

கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம். மணிக்கட்டுத் தோல் உரிந்திருக்கிறது. "வாப்பா" என்று குனிந்தேன். என்னைப் பார்த்தார். பிறகு காலால் என் நெஞ்சில் உதைத்தார்.

கொஞ்சமும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெப்ரவரி 22

அபூசாலி காக்கா வந்தார். "அத எழுதினது நான்தான் றிப்னாஸ். காணியப் பத்தி ஒரு சொல்லுமில்ல. குழாய் வேணாம், ஊட்டுல வெச்சுப் பாத்தாப் போதும். அது ஒண்டு. மத்தது, தனக்குப் பேச ஏலாமப் போனா தனக்காக நீதான் முடிவு செல்லணுமெண்டு."

"நான் எதுக்கு? ஷிம்லா இல்லையா?"

"நானும் கேட்டன். அவள் அழுதழுது மனசு மாறிடுவாள் எண்டார். 'அவன் முரடன் காக்கா, பயத்துலதான் கத்துறான். ஆனா ஒரு வேலைய ஏத்துக்கிட்டா உடமாட்டான்' எண்டார்."

கக்கூசுக்குள் போய்க் கதவைக் குத்தினேன். வலது கை விரல் எலும்பு வெடித்துவிட்டது. வாசித்திருக்கக் கூடாதா? பத்து வரிகூட இருந்திருக்காதே. மடையன்.

பெப்ரவரி 26

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார், நினைவு தெளியவில்லை. அதே டொக்டர் எட்ட நின்றுகொண்டு கேட்டார்: திரும்ப மூச்சு முட்டினால் மறுபடி குழாய் போடுவதா? உங்களில் யார் பதில் சொல்வது?

ஷிம்லா என்னைப் பார்த்தாள். அந்த அடிக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"போட வேணாம்" என்றேன். "வாப்பாட விருப்பம் அதுதான். ஊட்டுக்குக் கொண்டு போறம்."

டொக்டரிடம் மன்னிப்பும் கேட்டேன். தலையாட்டினார், கிட்ட வரவில்லை.

மார்ச் 2

காலையில் வீட்டில் வாப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் தந்த மருந்தைக் கொடுத்தோம். வாப்பாவின் தலையை என் மடியில் வைத்திருந்தேன். எட்டரை மணிபோல ஷிம்லா உடைந்துபோனாள். "நானா, லொறிய எடுங்க! குழாயப் போடச் செல்லுங்க! வாப்பாவக் கொல்லப் போறீங்களா?"

தலையணையில் அவரைக் கிடத்திவிட்டு எழும்பி வாசலை மறித்து நின்றேன். நெஞ்சில் குத்தினாள். முகத்தைப் பிராண்டினாள். கொலைகாரன் என்றாள். என் உடம்பு முழுக்க லொறிக்கு ஓடச் சொன்னது. ஓடவில்லை. கையை ஓங்கவுமில்லை.

களைத்துப்போனாள். தோளைப் பிடித்துக் கூட்டிவந்து வாப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்தேன். "கலிமாச் செல்லிக் குடு புள்ள" என்றேன். வாப்பாவின் காதருகில் ஓதினாள். ஒன்பதே காலுக்கு வாப்பா அடங்கினார். அவருடைய ஒரு கை அவளிடம் இருந்தது, மற்றது என்னிடம்.

வாப்பாவின் ஜனாஸாத் தொழுகைக்கு உளூ எடுத்து முகம் கழுவும்போது அவள் பிராண்டிய இடம் எரிந்தது.