எங்கள் ஊரின் இரண்டாவது ஓட்டு

அக்டோபர் 22, 1932
பக்கத்துப் பண்ணை ஹெட்டியின் பசுக்கள் இன்று ஏலத்தில் போயின. பால் விலை தண்ணீர் விலைக்கு வந்துவிட்டது. கடன் கொடுத்த வங்கி எத்தனை நாள் பொறுக்கும்? வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பசுவையும் பெயர் சொல்லி அனுப்பினாள். மாலையில் என் கணவர் ஆரின் ஊர் மண்டபத்தில் முழங்கினார். நாடு நிமிர்ந்து நிற்கிறதாம். எதன் மேல் சாய்ந்துகொண்டு என்று மட்டும் சொல்லவில்லை.

குடியரசுக் கட்சியின் ஊர்க் கிளைத் தலைவர் அவர். ஊர்த் தபால் நிலையமும் அவர் கையில்தான், கட்சி பார்த்துக் கொடுத்த வேலை. பிறகு நாடு நிமிராமல் என்ன செய்யும்?

நவம்பர் 8
ஜனாதிபதித் தேர்தல். ஓட்டுப் போட்டேன்.
“நம்ம ஆளுக்குத்தானே?” என்றார்.
“பின்ன?” என்றேன்.

நவம்பர் 9
ஜனநாயகக் கட்சி நாட்டையே வாரிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வெர்மான்ட் போலச் சில மாநிலங்கள்தான் அசையவில்லை. ஆரினுக்கு நாட்டைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஊரில் அவர் கட்சிக்கு எண்பத்தேழு, எதிர்க்கட்சிக்கு இரண்டு! வழக்கமாக ஒன்றுதான், கல்குவாரி டூலி கிழவருடையது. தேவாலயக் கூரையில் வௌவால் இருப்பதைப் போல அதை ஊர் சகித்துக்கொண்டது. இரண்டாவது யார்?

“எவனோ முதுகுல குத்திட்டான், லவீனியா!”

எவன், எவன் என்றே தேடுகிறார். பெண்களுக்கு ஓட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. சேதி இன்னும் எங்கள் தபால் நிலையத்துக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 12
துரோகி கிடைத்துவிட்டானாம்! ஊர்ச் சம்பளத்துக்குச் சாலையில் பனி தள்ளும் எஸ்ரா. சாட்சியம்: டூலி சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தான். வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். குளிர்காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான்.

எஸ்ரா தபால் வாங்க வந்தான். “அக்கா, சத்தியமா நம்ம கட்சிக்குத்தான் போட்டேன். இப்ப ஏன்டா போட்டோம்னு இருக்கு.”

நவம்பர் 18
ஓட்டு ரகசியம். சரி. எஸ்ரா பிள்ளைகளின் பசி? – ஐயோ, நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்?

நவம்பர் 19
தேவாலயத்தில் பீன்ஸ் விருந்து. ஆரின் எழுந்து எஸ்ராவை நீக்கும் தீர்மானத்தை வாசித்தார். குரலில் அப்படியொரு துக்கம், சவப்பெட்டி இல்லாததுதான் குறை. எஸ்ரா தட்டைப் பார்த்தபடி இருந்தான். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அதைக் கீழே வைத்தேன்.

“அந்த ரெண்டாவது ஓட்டு என்னோடது. என் வேலையைப் பறிக்கணும்னா பறிச்சுக்குங்க. பாத்திரமெல்லாம் பின்னாடி குவிஞ்சு கிடக்கு.”

ஒருவரும் மெல்லவில்லை. டூலி மட்டும் எழுந்தார். “இத்தனை வருஷம் ஒண்டியா கெடந்தேம்மா. துணைக்கு ஒரு ஆள் வந்துச்சே!”

“ஏன்?” என்றார் ஆரின். காற்றுப் போன குரல்.

“ஹெட்டி அழுத அன்னைக்குத்தான் நாடு நிமிர்ந்து நிக்குதுன்னீங்க.”

தீர்மானத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எஸ்ராவின் வேலை தப்பியது.

நவம்பர் 20
என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்று பூனையிடம் சொன்னார். பூனை எடுத்துக் கொடுக்கவில்லை. அதுவும் கட்சி மாறிவிட்டதோ?

ஜூன் 10, 1933
புது ஆட்சி, புது ஆட்கள். மாவட்டத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். தபால் நிலையத்துக்கு அவர்கள் கட்சி ஆள் வேண்டுமாம். ஊரில் இருப்பதே இரண்டு பேர். டூலிக்குக் கண் தெரியாது.

அவர் போனதும் ஆரின் தொண்டையைச் செருமினார். “நான் எப்பவுமே சொல்றதுதான். ஒரு வீட்டுல ரெண்டு கட்சியும் இருக்கணும்.”

எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே தட்டுகளைக் கழுவினார். இரண்டை உடைத்தார்.

ஜூலை 3
தபால் நிலையம் இன்று முதல் என் பொறுப்பு. உதவியாளர் ஆரின்.

காலையில் ரயிலடியிலிருந்து தபால் மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வரலாமா?”

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“வாங்க” என்று சொல்லி, மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.