இரண்டு நிமிடம் பத்து நொடி

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மட்டும் கிரகணக் கண்ணாடி நாற்பத்திரண்டு போயிற்று. பதினாறு வருஷமாக இந்தக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறேன். அதற்கு வராத கூட்டம் இந்த அட்டைக் கண்ணாடிக்கு வருகிறது. முதலாளி சொன்னார் என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: "எக்காரணம் கொண்டும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது." கீழே இரண்டு கோடு வேறு. வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நின்று நின்று முட்டியும்.

படிக்கிற கண்ணாடிக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார். "இந்த ஊர்ல தொண்ணூத்தெட்டு சதவீதம்தானே மறையுது? அது கல்யாண வீட்டு வாசல்வரைக்கும் போய்ட்டு சாப்பிடாம திரும்புறதும்மா. முழுசா பாத்தவன் சொல்றேன்." ரெண்டு சதவீதத்தில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது? ஆள் கொஞ்சம் அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "நம்ம மொட்டை மாடியிலேயே பாத்துடலாம்" என்றேன். ஜட்ஜம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தொண்ணூத்தெட்டு வேற, நூறு வேற." தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ஜட்ஜம்மா என்பது என் வீட்டுக்காரருடைய மூத்த தாரத்துப் பெண்ணுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பேர். வயசு பதினொன்று. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சித்தி என்றுகூட இன்னும் கூப்பிட்டதில்லை. "வாங்க", "சாப்பிடுங்க", "இருக்கட்டுங்க, நானே செஞ்சுக்கறேன்." அவ்வளவு மரியாதை. வந்த விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவள் யூனிபார்மை அடுக்கும்போது அலமாரிக் கதவின் உள்பக்கத்தை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். பென்சிலில் அவள் உயரக் கோடுகள். ஓரமாக ஒரு தேதி: இந்த மாதம் இருபத்திநாலு. "முழு சூரிய கிரகணம். நாம ரெண்டு பேரும் போறோம். சத்தியம்."

அவள் அம்மாவின் கையெழுத்து. ஆறு வருஷம் முன்னால் எழுதியது. அந்த அம்மா போயே மூன்று வருஷம் ஆகிவிட்டது.

நான் போய் மொட்டை மாடி, தொண்ணூத்தெட்டு என்று கதை அளந்திருக்கிறேனே! கதவை மெதுவாக மூடினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கிரகணத்தன்று இவருக்கு லீவு கிடையாதாம். மின் நிலையத்தில் எல்லோருக்குமே ரத்து. வெயில் போனால் சூரிய மின்சாரம் சட்டென்று இறங்கும், ஊர் இருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். "நீ கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

"என்கூட வருவாளா?"

"கேட்டாத்தானே தெரியும்."

ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டார். இவரும் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 17, புதன்

கேட்டுவிட்டேன். அலமாரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முழுசாக மறைகிற ஊருக்கு ஒரு டிராவல்ஸ்காரர் பஸ் விடுகிறார், ரெண்டு சீட் போட்டிருக்கிறேன் என்றேன்.

ஜட்ஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குக் கடை இல்லையா?"

"லீவு சொல்லிட்டேன்." முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது அவளுக்கு எதற்கு?

"சரிங்க." அப்புறம் கிரகணம் பார்ப்பது பற்றிக் கணினியில் அச்செடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதைப் படிச்சிடுங்க. முக்கியம்." படிக்கிறேன் என்றேன். கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணாடிப் பாடமா! சிரிப்பு வந்தது.

எனக்கு என்ன வேண்டும்? அவள் என்னை ஒரு நாளாவது வீட்டு ஆளாகப் பார்க்க வேண்டும். அம்மாவாக எல்லாம் வேண்டாம். அந்த ஆசை எனக்கு இல்லை. பொய். கொஞ்சம் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

நாளைக் காலை ஐந்தரைக்குப் பஸ். ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை. கையில் கிடைத்த தாளில் எல்லாம் சுற்றியாச்சு. மழை வராமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். "உங்களுக்கு பஸ்ல வாந்தி வரும்னு அப்பா சொன்னாங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மைதானத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாரோ கடித்த பிஸ்கட்டைப்போல ஒரு ஓரம் போயிருந்தது. கடி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம். வெயில் அப்படியே இருந்து சூடு மட்டும் போயிற்று. நிழலெல்லாம் கூர்கூராக விழுந்தது. பறவைகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அவளாகவே பிடித்தாள்.

திடீரென்று இருட்டு. மைதானமே "ஓ" என்று கத்தியது. என் கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. கழற்றிவிட்டு முதலில் அவளைத்தான் பார்த்தேன் — இவளும் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கப்போகிறாள்!

ஐயோ, எனக்கு வேற ஒண்ணும் தோணலையே! மூணு வாரமா கழட்டாதே கழட்டாதேன்னு சொன்ன வாய். முன்னால பாஞ்சு ரெண்டு கையாலயும் அவ கண்ணைப் பொத்திட்டேன். "விடுங்க! இப்பதான் கழட்டணும்! விடுங்க!"ன்னு திமிர்றா. "கண்ணு போயிடும்டி!"ன்னு நான் இன்னும் அழுத்தறேன். என் உள்ளங்கையெல்லாம் அவ கண்ணீர். அப்பவும் விடலையே, பாவி!

வெளிச்சம் வந்தது. எல்லோரும் திரும்பக் கண்ணாடி போட்டார்கள். அப்போதுதான் விட்டேன். அவளும் போட்டுக்கொண்டு பார்த்தாள். மெல்லிசாக ஒரு கீற்று. அது எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரிந்திருக்கும்.

பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸ் அம்மா சொன்னார்: "ஏம்மா, முழுசா மறையற அந்த ரெண்டு நிமிஷம் பத்து நொடி மட்டும் வெறுங்கண்ணாலதானே பாக்கணும்? கண்ணாடி போட்டா ஒண்ணுமே தெரியாதே. புள்ளை கண்ணைப் போய்ப் பொத்திட்டியே!"

எங்கள் ஊருக்குக் கழற்றக் கூடாது என்பது சரிதான். இங்கே ஒரு நொடிகூட முழுசாக மறையாது. அந்த ஊருக்கு வேறு கணக்கு. அது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜட்ஜம்மா அழவில்லை, திட்டவில்லை. திரும்பும்போது ஜன்னல் சீட்டில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். ரொட்டி சுற்றியிருந்தது அவள் கொடுத்த தாளில். வெண்ணெய்க் கறைக்கு நடுவே சிவப்பில் கோடு போட்டிருக்கிறாள்: "முழுமையாக மறைந்திருக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம்." பக்கத்தில் அவள் கையெழுத்தில்: "அவங்ககிட்ட சொல்லணும்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்றும் அவள் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

இவர், "சின்னப் பொண்ணுதானே, மறந்துடுவா" என்கிறார். நானாக இருந்தால் மறப்பேனா?

செப்டம்பர் 29, திங்கள்

டிராவல்ஸ்காரர் அன்றைக்கு எடுத்த படங்களை இவர் போனுக்கு அனுப்பியிருந்தார். ஜட்ஜம்மா வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இருட்டில் எடுத்த படம். ஆயிரம் பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு பெண்ணின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"திரும்பிக்கூடப் பாக்கலையா?"

"எப்படித் திரும்புறது? ரெண்டு கையும் உன் மூஞ்சிலல்ல இருந்துச்சு!"

"நீங்க மட்டும் பாத்துட்டீங்கன்னு நினைச்சேன்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "அஞ்சு நாளா அதைத்தான் நினைச்சுட்டே இருந்தேன்."

வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்துத் தொலைத்தேன். எரிச்சலில் குதித்தேன். "சரியான லூசுங்க நீங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவும் பாக்கல. அப்ப நாம மூணு பேருமே பாக்கல."

நாம என்றாள். கிட்டப் போய் உட்கார்ந்துகொண்டேன். நகரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இஸ்திரி போட்ட யூனிபார்மை வைக்க அலமாரியைத் திறந்தேன். அவள் அம்மா எழுதியதற்குக் கீழே புதிதாக, பச்சை மையில், ஒரு தேதி. பன்னிரண்டு வருஷம் கழித்து. "ரெண்டு நாள் ரயில்ல போகணும். அப்ப எனக்கு 23, உனக்கு 53. முட்டி வலின்னு ஏமாத்தக் கூடாது. அங்க வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

மூடிவிட்டு, மறுபடி திறந்து படித்தேன். மூன்று தடவை.

நாளையிலிருந்து சாயங்காலம் நடக்கப் போக வேண்டும். இந்த முட்டி இன்னும் பன்னிரண்டு வருஷம் தாங்க வேண்டுமே.