சிவப்பு ஒட்டுப் போட்ட குழாய்

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் பாப்பாவும் நலம்தானே. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய புது வீட்டுப் படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

என்னை இப்போது சொட்டுநீர் மானியப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நில உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வயலில் குழாய் பதிக்க வேண்டும். நான் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் அரசுப் பணம் வரும். ஒரு நிலத்துக்கு ஏழு வருடத்தில் ஒரு முறைதான்.

இதுவரை நாற்பத்தொரு கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாதிக்கு மேல் வயலுக்குப் போகவே இல்லை. ஒப்பந்தக்காரர் குழாய் பதித்த வயலின் படம் கொண்டுவருவார், நான் போடுவேன். போன திங்கட்கிழமை கோப்புகளை அடுக்கும்போது பார்த்தேன். ஒரு படத்தில் குழாயின் விரிசலில் சிவப்பு ரப்பர் சுற்றியிருந்தது. அடுத்ததிலும். பதினான்கு படங்களில் அதே ஒட்டு. கத்தரி வயல், வாழை, வெறும் மண். கீழே என் கையெழுத்து. எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து மறுபடியும் கழுவினேன்.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். டீயிலிருந்து தலை தூக்காமல், எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். தூசியே இல்லாத ஊருக்கு மாற்றல் வாங்கித் தருகிறாராம்.

புதன்கிழமை சொல்லாமல் பட்டியலில் இருந்த அடுத்த வயலுக்குப் போனேன். வாய்க்கால் ஓரத்து நிலம். நம் நிலத்தில் உன் பங்கு.

குழாய் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருந்தது, சிவப்பு ஒட்டோடு. ஒப்பந்தக்காரர் பதறவில்லை. நம்ம வீட்டு வேலைதானே மேடம் என்று நாற்காலி போடச் சொன்னார். அரசுப் பணத்தில் பாதி உன்னிடம் வருகிறது என்றும் சொன்னார். விண்ணப்பத்தில் இருப்பது உன் கையெழுத்துதானா என்று வெகுநேரம் பார்த்தேன். போலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒன்பது வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிற அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மிளகாய்ச் செடியெல்லாம் இலை சுருண்டு நிற்கிறது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார். குழாய் தனக்கு வந்தது என்று நினைத்துவிட்டார். மிதித்துவிடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். படம் எடுத்ததும் சுருட்ட ஆரம்பித்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு நாளைக்கு மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லும்மா. ஒரு தண்ணி பாஞ்சா செடி பொழைச்சுக்கும். நானே சுத்தி வச்சிடறேன்."

ஒப்பந்தக்காரர் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயோடுதான் அன்று இரவு சாப்பிட்டேன்.

கோப்பு என் பையில் இருக்கிறது. நான் போட்டால் அந்த நிலத்துக்கு ஏழு வருடம் குழாய் கிடையாது. போட மாட்டேன். மாதக் கடைசியில் இந்த மோசடி பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறேன், என் நாற்பத்தொன்றும் சேர்த்து. என் வேலை போகலாம். அம்மாவிடம் சொல்லாதே.

அதற்குள் உன் விண்ணப்பத்தை நீயே திரும்பப் பெற்றுக்கொள். அக்கா தன் பெயரில் விண்ணப்பிக்க உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். இந்த மிளகாய் போய்விடும். அடுத்த நடவுக்காவது குழாய் வேண்டும்.

பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். போட்டு அனுப்பிவிடு, அண்ணா. விண்ணப்பத்தில் உள்ள உன் கையெழுத்தை அறிக்கையோடு சேர்த்துப் பின் குத்த என்னை வைக்காதே.

உன் தங்கை