விசா அதிகாரி எழுந்து கும்பிட்ட கதை

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று உன் கிழவன் அடுப்பில் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். அடுப்பை அணைத்து, ஆறவிட்ட பிறகுதான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. கிழவன் தன் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் நடக்கப் போயிருக்கிறான். வந்து தட்டினால், கோபம் இருந்தாலும் திற.

மகள் பிரசவத்துக்குப் போக விசா கேட்ட இடத்தில் அவன் கதை அளந்துவிட்டான் என்று, நேர்காணல் முடிந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். நடந்தது இதுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "பெரியவரே, திரும்பி வந்துடுவீங்களா?" என்றார்.

"ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்று நீ விலாவில் இடித்தாய். இடித்தால்தான் கிழவனுக்குப் பேச்சு ஊறும்.

"வராம எப்படி சார்? எங்க தெருத் தண்ணித்தொட்டி வால்வு என் கைக்கு மட்டும்தான் திறக்கும். நான் ஒரு நாள் படுத்தா தெருவே குளிக்காது."

"அப்ப உங்களை எப்படி அனுப்பறது?" என்ற அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது. எழுந்து நின்று கும்பிட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். உனக்குத்தான் காது கேட்கவில்லை.

உன் பெட்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கிறான். நீ ஒருத்தியே இழுத்தாலும் ஓடும். குழந்தைக்கு வாங்கிய குல்லாய் பெட்டியில் மேலாக இருக்கிறது. தாத்தா எடுத்தது என்று குழந்தை காதில் சொல்லிப் போட்டுவிடு.

பி.கு.: பாஸ்போர்ட் இரண்டும் காலையில் வந்துவிட்டன. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. உன்னுடையதில் விசா இருக்கிறது. கிழவனுடையதில் இல்லை.