பாதி மணல், பாதி எரு

செவ்வாய் கிரகம், விளையாட்டுக் கூடம். புல்தரைப் பதிவு.
எழுதுவது: கனகவேணி, புல்தரை ஆய்வாளர்.

நாள் 212. காலை 7.10. கரியமில வாயு: 0.3%

முதல் பாத்தி: பத்தில் ஒன்பது பங்கு மணல், ஒரு பங்கு எரு. வெயிலில் புல் சுமார். நிழலில் மெலிவு, ஆனால் வேர் உறுதி.

இரண்டாம் பாத்தி: பாதி மணல், பாதி எரு. வெயிலில் கண்ணைப் பறிக்கும் பச்சை. பார்வையாளர் மேடையின் நிழல் விழும் ஓரத்தில் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது.

மைதானம் முழுக்கப் போட்டிருப்பது இரண்டாவது கலவை. முறைப்படி முதலாவதைத்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கிரகத்தில் இருக்கும் எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் கோவில்பட்டிப் பக்கம். கட்டாந்தரையில் ஹாக்கி ஆடி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். தரை மெத்தென்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சமையல் கழிவையெல்லாம் மக்க வைத்துக் கொண்டுவந்து கொட்டியவர்களும் அவர்கள்தான். நான் மட்டும் என்ன, கரிசல்காட்டுக்காரி. வெறும் மணலைப் பார்த்தால் எனக்கும் மனசு ஒப்பாது.

பொங்கலன்று முதல் ஆட்டம்.

நாள் 229. காலை 7.30. கரியமில வாயு: 0.9%

புழுதிப்புயல். மற்ற ஆறு பேரும் தலைமை வீட்டில், நான் மட்டும் இங்கே கூடத்தில். கூடத்தின் கண்ணாடிக் கூரை செம்மண் பூசியது போல இருக்கிறது. வழக்கமான வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை. விளக்குகளுக்கு மின்சாரம் இல்லை. தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் மட்டும் வேலை செய்வதால் மண் கதகதப்பாகவே இருக்கிறது. மேடையோரத்தில் பார்த்த நோய் இப்போது மைதானம் முழுக்க.

நிழலில் இளைத்த புல்லுக்கு உரம் போடக்கூடாது என்று ஊரில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் மஞ்சளாகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. கொஞ்சம் எரு தூவினேன். கொஞ்சம் என்றால் நாலு மூட்டை.

நாள் 238. மாலை 4.00. கரியமில வாயு: 1.7%

மானியில் கோளாறு போலிருக்கிறது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். 1.8.

நாள் 243. காலை 8.15. கரியமில வாயு: 3.2%

கோளாறு மானியில் இல்லை, என்னிடம்தான். காலையிலிருந்து தலைவலி.

மானியை ஒரு வாளிக்குள் கட்டி முதல் பாத்தியின் மேல் கவிழ்த்தேன். முள் மெதுவாக ஏறியது. இரண்டாம் பாத்தியின் மேல் கவிழ்த்தேன். முள் ஏறிய வேகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

வெளிச்சம் இருந்தால்தான் புல் பிராணவாயுவைக் கொடுக்கும். இருட்டில் அதுவும் நம்மைப் போல மூச்சு வாங்கத்தான் செய்யும். அதைவிடப் பெரிய வாய் அடியில் இருக்கிறது: எரு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் வெந்நீர்ச் சூட்டில் ராப்பகலாக மூச்சு வாங்குகின்றன. நான் வேறு நாலு மூட்டை பந்தி வைத்திருக்கிறேன். புல் இருக்கும்போது காற்றுச் சுத்திகரிப்பு எந்திரம் எதற்கு என்று இந்தக் கூடத்துக்கு அதை வைக்காமலே விட்டுவிட்டார்கள்.

வெந்நீரை அடைத்தால் மண் உறையும், எல்லாம் அடங்கும். புல்லும் செத்துப்போகும். எட்டு மாத உழைப்பு. எழுதும்போதே அழுகை வருகிறது.

நாளைக்கு அடைக்கிறேன்.

நாள் 245. காலை 6.20. கரியமில வாயு: 5.0%

இன்னும் அடைக்கவில்லை. நேற்று முழுக்கத் தூங்கிவிட்டேன் போல. ஆண்டெனாவைப் புழுதி மூடியதிலிருந்து அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குப் போகவில்லை. சற்று முன் தலைமை வீட்டிலிருந்து வந்தது:

“வேணிக்கா, இருதயராஜ் பேசுதேன். நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கல. இங்க ஆக்சிஜன் மிசினு தூசி அடைச்சி நின்னு போச்சி. பாகத்தக் கழட்டி எடுத்துட்டு ஆறு பேரும் அங்கயே வந்திருதோம். அங்க வச்சி மூணு நாளுல சுத்தம் பண்ணிரலாம். கயித்தப் பிடிச்சிக்கிட்டே நடந்து வாரோம். முதுகு டாங்குல உள்ள காத்து அங்க வந்துசேரத்தான் காணும், திரும்பிப் போக இருக்காது. ஆனா என்னக்கா, அங்கதான் புல்லு இருக்குல்லா.”

புல் இருக்கிறதாம்.

நாள் 245. காலை 9.40. கரியமில வாயு: 5.4%

வெந்நீரை அடைத்துவிட்டேன். ஆனால் மண் அடிவரை ஆற நாளாகும். ஐந்துக்கு மேல் போன காற்றுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவனுக்குத் திரும்பி வெளியே போகத் தோன்றாது.

வழி ஒன்று இருக்கிறது. எரு ஏற்றி வந்தபோது அச்சு முறிந்த ரோவர், வாசலுக்கு எதிரிலேயே நிற்கிறது. ஓடாது. ஆனால் அதன் தொட்டியில் ஏழு பேருக்கு ஒரு வாரக் காற்று உண்டு. வெளிக்கதவுக் கண்ணாடியின் உட்பக்கம், வெளியிலிருந்து படிக்கும்படி பலகை மாட்டியிருக்கிறேன்: ‘உள்ளே வராதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ரோவரில் ஏறுங்கள்.’

மண்டை இடிக்கிறது. ஆறும் ஒன்றும் ஏழு என்பதை விரல் விட்டு எண்ணினேன். இந்த வாயு ஏறினால் முதலில் கணக்கு போகும். பிறகு நிதானம் போகும். கடைசியில் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே இப்போதே எழுதி வைக்கிறேன். கனகவேணி, வெந்நீரைத் திறக்காதே. பலகையைத் தொடாதே. உடையை மாட்டிக்கொண்டு ரோவருக்குப் போ.

இருதயராஜை இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நாள் 245. காலை 11.15. கரியமில வாயு: 5.6%

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். நான் கூப்பிட்டது கேட்காமலே அவன் பேசினான்:

“எக்கா, பாதிக்கு மேல வந்தாச்சி. குமரேசன் கிறுக்குப்பய ஹாக்கி மட்டையையும் தூக்கிட்டு வாரான். வந்ததும் புல்லுல வெறுங்காலோட நடக்கணுமாம். நீங்க திட்டக் கூடாது.”

உடை கனக்கிறது. ஒரு கால் மாட்டினேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மற்றது. புல்லின் நுனி சில்லிட்டிருக்கிறது. தடவிக் கொடுத்தேன். என்ன பாவம் செய்தது இது.

நாள் 245. மதியம். கரியமில வாயு: பார்க்கவில்லை

தலைவலி போயே போய்விட்டது. நல்ல தூக்கம்.

எழுந்து பார்த்தால் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. யாரோ வெந்நீரை அடைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டேன். ஓரத்தில் புல் வாடியிருந்தது, மிச்சமிருந்த எருவையும் போட்டேன். இப்போதுதான் மனசு ஆறியது.

வாசல் கண்ணாடியில் ஒரு பலகை. திருப்பிப் பார்த்தேன். உள்ளே வராதீர்கள் என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து மாதிரியேதான் இருக்கிறது. வீடு தேடி வருகிறவர்களிடம் சொல்லுகிற பேச்சா இது. கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.

கதவு தட்டுகிறார்கள். கண்ணாடி வழியாக முகங்கள் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தேன், ஐந்து. திரும்ப எண்ணினால் ஏழு. எல்லோரும் சிரிக்கிறார்கள். குமரேசன் மட்டையைத் தூக்கிக் காட்டுகிறான்.

பாவம், இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். உள்ளே விட்டதும் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும்.